ஐயனார் காட்டுக்குள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது: கேள்வி பதில்

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் எங்கள் ஊர் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு பழங்காடு இருக்கிறது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை, வெயில் ஏறியதும் வீடு. இந்த வேலையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி ஆசிரியை, திண்டிவனம்: மாணவர்களை அழைத்துவந்து உங்கள் காட்டில் நூறு மரக்கன்றுகள் நட விரும்புகிறோம். எந்தக் கன்றுகளை வாங்கிவரலாம்?

பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள் அம்மா. கன்றுகள் மட்டும் வேண்டாம். நிழல் மூடிய பழங்காட்டில் குழி தோண்டினால் ஏற்கெனவே இருக்கும் வேர்களைத்தான் அறுப்போம். ஒரு வீரை மரத்தடியில் உட்கார்ந்து சருகை மெல்ல விலக்கிப் பாருங்கள். விரல் நீளத்தில், இரண்டு மூன்று இலைகளோடு அதன் பிள்ளைகள் நிற்கும். மேலே ஒரு கிளை முறிந்து வெளிச்சம் விழும்வரை அவை அப்படியே காத்திருக்கும். நாம் கூட்டமாக நடந்தால் முதலில் மிதிபடுவது அவைதான்.

பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் கயிறு கட்டிய ஒரு சிறு சதுரத்துக்குள் எத்தனை வகை நாற்றுகள் இருக்கின்றன என்று எண்ணட்டும். அடுத்த ஆண்டு அதே சதுரத்தை மறுபடி எண்ணலாம். எங்களுக்கு அந்தக் கணக்கு மிகவும் பயன்படும்.

ஓய்வுபெற்ற அலுவலர், கடலூர்: நாங்கள் மாதம் ஒருமுறை கோயில் காட்டைப் பெருக்கி, சருகைக் குவித்து எரித்துவிடுகிறோம். பார்க்கவும் அழகாக இருக்கிறது. சரிதானே?

சரியில்லை ஐயா. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். எங்கள் கடலோரத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அந்தக் காலத்தில் மண்ணின் ஈரத்தைப் பிடித்துவைப்பது சருகுதான். விழுந்த விதை முளைப்பதும் அதன் அடியில்தான். கோயில் வாசல், நடைபாதை, பொங்கல் வைக்கும் இடம் ஆகியவற்றைப் பெருக்குங்கள். பெருக்கிய சருகைக் காட்டுக்குள்ளேயே பரப்பிவிடுங்கள். பிளாஸ்டிக், கற்பூர உறை, மாலை கட்டிய நைலான் நூல், உடைந்த பாட்டில் இவைதாம் குப்பை. பட்டுப்போய் விழுந்த மரத்தையும் கிடக்கவிடுங்கள். அது உளுத்து மண்ணாகும்வரை எத்தனையோ உயிர்களுக்கு வீடு.

கல்லூரி மாணவர், புதுச்சேரி: சில ஏக்கர் காட்டைக் காப்பாற்றி என்ன பயன்? பெரிய காடுகளில் கவனம் செலுத்தலாமே?

தம்பி, இந்தக் காட்டு வகைக்குப் பெரிய காடு என்று அதிகம் மிஞ்சவில்லை. சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் நெடுக இருந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. குறைந்த மழையிலும் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் அபூர்வமான காடு அது. வயலுக்கும் விறகுக்கும் ஊருக்கும் போக, இன்று பெரும்பாலும் கோயில்களைச் சுற்றியும் சில காப்புக்காடுகளிலும் துண்டு துண்டாகத்தான் நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் வரும். அங்கே இறங்கிப் பாருங்கள். ஆள் தொடை பருமனுக்குக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவியிருக்கும்.

ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் செம்மண் பொட்டலாகக் கிடந்தது. முதலில் வேகமாக வளரும் கத்திச் சவுக்கு போன்ற வெளிநாட்டு மரங்களை வைத்தார்கள். பிறகு உள்ளூர்க் காட்டைத் திரும்பக் கொண்டுவர நினைத்தபோது விதைக்கு இந்தக் கோயில் காடுகளைத்தான் தேடிவந்தார்கள். சில ஏக்கரின் பயன் அதுதான் தம்பி. அது போய்விட்டால் விதைக்கு எங்கே போவோம்?

விவசாயி, மரக்காணம்: காட்டின் ஓரம் முழுக்கச் சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும். வெட்ட வெட்ட வருகிறது. ஜேசிபி வைத்து ஒரேயடியாக எடுத்துவிடலாமா?

ஜேசிபி உள்ளே வரவே வேண்டாம் அண்ணா. அது புரட்டிப்போட்ட மண்ணில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது மறுபடியும் சீமைக் கருவேலமாகத்தான் இருக்கும். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

இரண்டுக்கும் வேறு வேறு முறை. உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் அறுத்தால் நான்கு மடங்கு தழைத்துவரும். தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்துதான் அது துளிர்க்கிறது. ஆகவே மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் பக்கத்து மண்ணை நெம்பி, அந்த முடிச்சுக்குக் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் மண்ணில் படக் கூடாது. காய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். உள்ளே குருவிக்கூடு இருந்தால் அந்தப் புதரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அதோடு வேலை முடியாது. உண்ணிப்பழத்தைக் கொண்டைக்குருவிகள் தின்று, உயரமான கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். அந்தக் கிளைக்கு நேர் கீழே பார்த்தால் சொரசொரப்பான இலையோடு குட்டிச் செடிகள் கொத்தாக முளைத்திருக்கும். கசக்கினால் வாசனையே காட்டிக்கொடுக்கும். இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். எங்கள் குழுவில் மூத்த பெண்கள் இருவருக்கு இந்த வேலைதான். எந்தக் கிளையில் குருவி உட்காரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

சீமைக் கருவேலத்துக்கு வெளிச்சம் வேண்டும். அடர்ந்த நிழலுக்குள் அது வராது. ஓரத்தில் சிறிய பகுதியாக எடுத்துக்கொண்டு, கட்டையை அடிவேரோடு தோண்டி எடுங்கள். அந்த இடம் ஓரளவு மூடிய பிறகு அடுத்த பகுதி. அரசு நிலமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காய் காய்க்கும் பருவத்தில் ஆடு மாடுகளைக் காட்டுப் பக்கம் விடாதீர்கள். காயைத் தின்று சாணத்தில் விதையைக் கொண்டுவந்து சேர்ப்பவை அவைதான்.

காரை, சூரை, களா இவற்றை மட்டும் முள் என்பதற்காக வெட்டிவிடாதீர்கள். அவைதாம் காட்டுக்கு வேலி. அந்த முள்ளுக்குள் விழுந்த விதையை ஆடு எட்டாது.

இல்லத்தரசி, செங்கல்பட்டு: காலியான ஓரங்களில் உள்ளூர் மரங்களை நட விதை எப்படிச் சேகரிப்பது?

அந்தந்தக் காட்டின் விதையை அந்தக் காட்டுக்கே பயன்படுத்துங்கள். ஒரே மரத்தில் எடுக்காமல் பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பெரும்பகுதியைப் பறவைக்கும் வௌவாலுக்கும் விட்டுவிடுங்கள். நாவல் கொட்டையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்காது. பழம் விழுந்த சில நாட்களுக்குள் போட்டுவிட வேண்டும். உலக்கைப் பாலை, வீரை, காசான் எல்லாம் மிக மெதுவாக வளர்பவை. ஐந்து ஆண்டு கழித்தும் இடுப்பு உயரத்தில் நின்றால் கவலைப்படாதீர்கள். வேர் இறங்கிக்கொண்டிருக்கும். நடவு, பருவமழை தொடங்கியதும்.

வாசகர், வவுனியா: பாலை, வீரை என்று நீங்கள் சொல்வது எங்கள் வன்னிக்காட்டு மரங்களா?

அவையேதான். உங்கள் பக்கம் வைகாசி, ஆனியில் பழுக்கும் அதே பாலைப்பழம்.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: எங்கள் குலதெய்வம் இப்படியொரு காட்டில்தான் இருக்கிறது. மரத்தை வெட்டி மண்டபம் கட்டவும் சுற்றிலும் தளம் போடவும் பங்காளிகள் பணம் திரட்டுகிறார்கள். எதிர்த்தால் சாமி காரியத்தைத் தடுக்கிறான் என்கிறார்கள்.

இன்று கோயில் காடுகள் சுருங்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். விறகு வெட்டுபவர்கள்கூட இவ்வளவு அழிப்பதில்லை. வருத்தம் என்னவென்றால், இதைச் செய்பவர்கள் பக்தியோடுதான் செய்கிறார்கள்.

கூட்டத்தில் எதிர்த்துப் பேசாதீர்கள். முதலில் பூசாரியிடமும் மூத்த பங்காளியிடமும் தனித்தனியாகப் போய், இந்தக் காட்டில் முன்பு என்ன கட்டுப்பாடு இருந்தது என்று கேளுங்கள். ‘ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது’, ‘செருப்புக் காலோடு நுழையக் கூடாது’ என்று அவர்கள் வாயிலிருந்தே வரும். அதைக் கூட்டத்தில் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மண்டபம் காட்டுக்கு வெளியே சாலையோரம் வரட்டும். வண்டிகளும் அங்கேயே நிற்கட்டும். பொங்கல் அடுப்புக்கு ஒரே இடம், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. எங்கள் ஊரில் தளம் போடும் பேச்சு இப்படித்தான் நின்றது. அந்தப் பணத்தில் வெளியே கிணற்றைத் தூர்வாரினார்கள்.

மாணவி, திருவண்ணாமலை: பாம்புகளை நினைத்துப் பயமாக இல்லையா?

கவனமாக இருக்கிறோம் தங்கையே. கணுக்காலை மூடும் காலணி, சருகுக்குள் வெறுங்கையை விடாமல் முதலில் குச்சி, இருட்டும் முன் வெளியேறுவது. கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். எந்த மருத்துவமனை என்பதை வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சி வார்டு உறுப்பினர், நத்தம்: சட்டப் பாதுகாப்பு வாங்க வழி உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

வழிகாட்டி உங்கள் ஒன்றியத்திலேயே இருக்கிறது. காசம்பட்டி வீரகோயில் காட்டை 2025-இல் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக, அதாவது உயிர்வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவித்தது. பரப்பு 4.97 ஹெக்டேர்தான். 2022-இல் அறிவிக்கப்பட்ட மதுரை அரிட்டாபட்டிக்கு அடுத்து, மாநிலத்தில் இது இரண்டாவது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு இதற்கு வழிசெய்கிறது. உள்ளாட்சியைக் கலந்துகொண்டே அரசு அறிவிக்க வேண்டும் என்பதால் உங்கள் பதவிக்கு இதில் வேலை இருக்கிறது.

முதலில் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் அந்த நிலம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கோயில் புறம்போக்கா, தரிசா, அறநிலையத் துறை நிலமா, வனத்துறையா என்பதைப் பொறுத்து மனு போகும் இடம் மாறும். புல வரைபடத்தோடு நடந்து எல்லைக்கற்களைத் தேடுங்கள். அடுத்து, ஊரின் மிக மூத்தவர் ஒருவரைக் காட்டுக்குள் அழைத்துப்போய், அவர் சொல்லும் மரப் பெயர்களை அவர் சொல்கிறபடியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டி அந்தப் பட்டியலை, ஊரின் உயிரினங்களை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். குழு பெயரளவில் மட்டும் இருந்தால் அடுத்த கிராம சபையில் அதை எழுப்புங்கள். தீர்மானத்தின் நகலை மறக்காமல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.