உயரமான மலைச் சதுப்பு மண்ணுல கார்பனும் நைட்ரஜனும் எப்படி சுத்துது? தண்ணிய வடிச்சா என்ன ஆகும்?

எனக்கு இத வயக்காட்ட வச்சு சொன்னாத்தான் சொல்ல வரும். ஊரு அம்பாசமுத்திரம் பக்கம், ஆத்துப் பாசனம். மண்ணப் பத்தி படிச்சதெல்லாம் பிறகுதான், மொதல்ல தொளியில, அதான் உழுத சேத்துல, கால வச்சுத்தான் பாத்தேன். பிசான நெல் பருவத்துக்கு தண்ணி கட்டிக் கெடக்குற வயல்ல எறங்கினா பொளக்பொளக்னு குமிழி வரும்லா, அதுல இருக்கது மீத்தேன். ஒரு மூடு நெல்லு பிடுங்கிப் பாருங்க, சேறு கறுப்பா நாத்தம் அடிக்கும், வேர சுத்தி மட்டும் துரு மாதிரி செவப்பா இருக்கும், ஏன்னா செடி தண்டு வழியா காத்த கீழ எறக்குது, அது கசியுற இடத்துலதான் இரும்பு துருப்பிடிக்கும், கொஞ்சம் தள்ளினா ஆக்சிஜனே கெடையாது.

மலைச் சதுப்புல உள்ள பீட் மண்ணும், அதாவது செடி கொடி அரகொறையா மக்கிச் சேந்த மண்ணும், இதே கததான். ஆனா அங்க அறுப்புக்குன்னு யாரும் தண்ணிய வடிக்கப் போறதில்ல, வருஷம் பூரா ஊறிக் கெடக்கும், கூடவே குளிரு, அதனால செத்த புல்லும் பாசியும் முழுசா மக்காம அப்படியே படிஞ்சுக்கிட்டே வரும். ஏறுறது வருஷத்துக்கு சுமாரா 1 மில்லிமீட்டர், அப்போ ஒரு ஆள் ஆழத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகும். நீலகிரியில 2000 மீட்டருக்கு மேல பள்ளத்துல உள்ள பீட்ல கார்பன் ஐசோடோப்ப, அதாவது எடை கொஞ்சம் வேறான கார்பன் அணுக்கள, அளந்து, 20,000 வருஷமா அங்க எப்ப மரம் செழிச்சுது எப்ப புல்லு பரவுச்சுன்னு 1993-லயே நேச்சர் இதழ்ல எழுதிட்டாங்க.

நைட்ரஜனுக்கு வருவோம். வைக்கோல தொளியில மடக்கி உழுத உடனே நட்டா பயிர் கொஞ்ச நாள் மஞ்சளிச்சு நிக்கும், கொளுஞ்சிக் கொழை மிதிச்சா அப்படி ஆகாது. வைக்கோல்ல கார்பன் ரொம்பக் கூட, தழைச்சத்து, அதான் நைட்ரஜன், கம்மி, அதனால நுண்ணுயிரு மண்ணுல இருக்கதையும் இழுத்துக்கிடும். பீட்லயும் நைட்ரஜன் நெறைய உண்டு, ஆனா மக்காத சருகுக்குள்ள பூட்டிக் கெடக்கு, செடிக்கு எட்டாது. பூச்சியப் பிடிச்சுத் தின்னுற ட்ரோசெரா செடி இப்படிப்பட்ட எடத்துல பொழைக்கிறது அதனாலதான்.

வடிச்சா என்ன ஆகும்னா, திபெத் பீடபூமி கெழக்கு ஓரத்துல சோய்கேன்னு ஒரு பெரிய சதுப்பு, சுமார் 3,400 மீட்டர் உயரம், அங்க 1960, 70-கள்ல மேய்ச்சலுக்காக வாய்க்கா வெட்டி தண்ணிய எறக்கினாங்க. காத்து உள்ள புகுந்ததும் பல ஆயிரம் வருஷமா சேத்த கார்பன் கார்பன் டை ஆக்சைடா கெளம்பிருது. பூட்டிக் கெடந்த நைட்ரஜனும் அம்மோனியம், நைட்ரேட்னு மாறி, மழையில மறுபடி நனையும்போது கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடா போகும். அது எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடவிட 270 மடங்குக்கு மேல சூடேத்தும்.

வடிச்சா மீத்தேன் கொறையுதேன்னு சிலர் சொல்லுதாங்க, கொறையுறது உண்மைதான், ஆனா மீத்தேன் பத்து பன்னெண்டு வருஷத்துல காத்துல அழிஞ்சிரும், போன பீட்ட திரும்ப சேக்க எத்தன தலமொற வேணும்னு மேல சொன்ன கணக்க வச்சே பாத்துக்கிடுங்க. சோய்கேல இப்ப அந்த வாய்க்கால்ல பலத மடைய அடைக்கிற மாதிரி குறுக்க அடைச்சு தண்ணிய ஏத்துதாங்க. தண்ணி மேல ஏற ஏற உள்ள இருக்க மண்ணு மக்குறது கொறையும்.