நாட்கள் ஒரே மாதிரிப் போகின்றன: பரந்தன் தங்கச்சிக்கு

தங்கச்சி, பட்டப்படிப்பு முடித்து இரண்டு வருடமாக அப்பாவின் வயலையும் வீட்டையும் பார்க்கிறேன், நான் வளரவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் மனம் பாரமாகிவிட்டது.

போர் முடிந்து 2010இல் மீள்குடியேறி வந்தபோது எனக்கும் இதே நிலைதான். தகரக் கொட்டில், தூர்ந்த கிணறு. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதும், அயல்வீட்டு அம்மம்மா ஒருவர் வாளிக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போடச் சொன்னார். எத்தனையாவது முடிச்சில் வாளி தண்ணீரைத் தொடுகிறது என்று தினமும் காலையில் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். ஆவணியில் ஒன்பது, மார்கழியில் மூன்று. ஒரு வருடத்தில் அந்த நிலம் எனக்குப் பிடிபட்டது. கச்சான் கடலை எப்போது போடலாம் என்று அயலவர் என்னிடம் கேட்க வந்தார்கள். வளர்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்கள் பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள். மழை குறைந்த மாதங்களில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துக் கூட்டம் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அடுத்த கூட்டத்துக்கு அப்பாவோடு போங்கள். பேச வேண்டாம், கேட்டு எழுதி வாருங்கள். வேலை விண்ணப்பங்களை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், நித்திரையும் பசியும் கெட்டிருந்தால் அது வேறு விஷயம். தயங்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

என்ன பாடம் படித்தீர்கள் என்று எழுதவில்லையே, சொல்லுங்கள்.