உப்புக்கண்டமும் ஸ்பகெட்டியும்: நீங்கள் கேட்டவை

போன ஞாயிறு இரவு ஸ்பகெட்டி என்ற நீள இழைப் பாஸ்தாவை வேகவைத்து, உப்பிட்டு வெயிலில் காயவைத்த ஆட்டுக்கறியான உப்புக்கண்டத்தை மொறுமொறுவென வறுத்து மேலே போட்டுப் பரிமாறினேன். அடுப்பு பற்றவைத்ததிலிருந்து தட்டுக்கு வரும்வரை 25 நிமிடம்தான். அதைச் சொன்னதும் மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பலர் கேட்டது ஒன்றேயாக இருந்தால் சேர்த்திருக்கிறேன்.

அண்ணா நகர்: அக்கா, முதலில் முழுச் செய்முறையையும் அளவோடு சொல்லுங்கள்.

நான்கு பேருக்குச் சொல்கிறேன். ஸ்பகெட்டி 350 கிராம், உப்புக்கண்டம் 100 கிராம், நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, மலைப்பூண்டு எட்டுப் பல், வரமிளகாய் மூன்று, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு ஆர்க்கு, அரை மூடி எலுமிச்சம்பழம். அவ்வளவுதான்.

பெரிய பாத்திரத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீரை மூடி போட்டு அடுப்பில் வையுங்கள். அது கொதிப்பதற்குள் கறி வேலை முடிந்துவிடும். உப்புக்கண்டத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, பிழிந்து, துணியால் ஈரம் போகத் துடைத்து, அம்மியில் வைத்து நாலு தட்டுத் தட்டினால் நார் நாராகப் பிரியும். அகலமான கடாயில் எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் நாலைந்து நிமிடம் வறுங்கள். கருஞ்சிவப்பாகி, கரண்டியில் அள்ளும்போது சலசலவென்று சத்தம் வந்தால் பதம். உடனே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அதே எண்ணெயில், தீயைக் குறைத்து, சீவிய பூண்டு, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை, மிளகு. பூண்டு பொன்னிறத்துக்கு வரும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கருகினால் முழுச் சாப்பாடும் கசக்கும்.

கொதிக்கும் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு ஸ்பகெட்டியை வேகவிடுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே எடுத்துக் கடாயில் போட்டு, வெந்த தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி ஊற்றி, தீயைக் கூட்டிப் புரட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். இறக்கி, எலுமிச்சை பிழிந்து, தட்டில் வைத்த பிறகுதான் உப்புக்கண்டத்தைத் தூவ வேண்டும். முன்னாலேயே கலந்தால் நமத்துப் போகும்.

திருமங்கலம்: நான் வடித்ததும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசிவிடுவேன். இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் வடித்த தண்ணீரையே ஊற்றச் சொல்கிறீர்களே?

அலசாதீர்கள், தங்கச்சி. சோறு வடித்த கஞ்சியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கஞ்சியை மாடு குடித்தது, வேட்டி விறைப்பாக நின்றது, வீட்டில் யாரும் சாக்கடையில் கொட்டமாட்டார்கள். பாஸ்தா வெந்த தண்ணீரும் அதேதான். கோதுமை மாவுச்சத்து கரைந்திருக்கிறது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பது அந்த மாவுச்சத்துதான். அதை அலசிவிட்டால் எண்ணெய் தட்டின் அடியில் தேங்கும், பாஸ்தா மேலே வறண்டு கிடக்கும். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் வீணாக்கினேன்.

புத்தகங்களில் 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று போட்டிருக்கும். நம் வீட்டில் அவ்வளவு வேண்டாம். தண்ணீர் குறைந்தால் கஞ்சி கெட்டியாகும், சாறும் நன்றாக ஒட்டும். முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறிக்கொடுத்தால் போதும், ஒட்டாது.

இன்னொன்று, பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். டூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். மைதா கலந்தது எப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தாலும் கொழகொழவென்றுதான் ஆகும்.

வாடிப்பட்டி: பதம் எப்படிப் பார்ப்பது? எனக்கு ஒன்று குழைகிறது, இல்லாவிட்டால் மாவாக இருக்கிறது.

தம் பிரியாணிக்கு அரிசியை முக்கால் பதத்தில் வடிப்பீர்களே, அதே கணக்கு. ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரியும்போது கடாய்க்கு மாற்றுங்கள். மிச்ச வேக்காடு அங்கே நடக்கும். பரிமாறும்போது பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்க வேண்டும். இத்தாலிக்காரர்களும் அந்தப் பதத்துக்குப் 'பல்லுக்கு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கூடல் நகர்: குக்கரில் ஒரு விசில் விடலாமா?

வேண்டாம். திறந்து பார்க்க முடியாத பாத்திரத்தில் பதம் பார்க்க முடியாது.

கே.கே.நகர்: சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த பேக்கன் வாங்கினேன். எண்ணெய் காயவைத்துப் போட்டதும் ஓரம் கருகி, நடுவில் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது.

பேக்கன் பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறி. பாதிக்குப் பாதி கொழுப்பு இருக்கும். அதற்கு எண்ணெய் தேவையே இல்லை, சூடேறிய சட்டியும் ஆகாது. உறைந்ததை முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். விரல் அகலத்துக்கு நறுக்கி, ஆறிய சட்டியில் பரப்பி, அதன்பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சின்னத் தீ. மெதுவாகச் சூடு ஏறும்போது கொழுப்பு உருகி வெளியே வரும், அந்தக் கொழுப்பிலேயே கறி பொரியும். எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். சூடான சட்டியில் போட்டால் கொழுப்பு உருகுவதற்கு முன்னால் வெளிப்புறம் இறுகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

சட்டியில் இருக்கும்போது கொஞ்சம் மெத்தென்று தெரிந்தாலும் எடுத்துவிடுங்கள். ஆறும்போது அதுவே மொறுமொறுப்பாகும். உருகிய கொழுப்பைக் கொட்டாமல் பூண்டை அதில் வதக்குங்கள்.

உப்புக்கண்டம் இதற்கு நேர்மாறு. அது கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறி, தானாக ஒரு சொட்டுக்கூட விடாது. அதனால்தான் நல்லெண்ணெயைத் தாராளமாகச் சொன்னேன். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் எந்த உப்பிட்ட கறியைக் கொடுத்தாலும் சமைத்துவிடலாம். கொழுப்பு உள்ளதை ஆறிய சட்டியில் தொடங்குங்கள், இல்லாததை எண்ணெயில் வறுங்கள்.

பழங்காநத்தம்: சிக்கன் சலாமி இருக்கிறது. அது மொறுமொறுப்பாகுமா?

பெரிதாக ஆகாது. இங்கே கிடைக்கும் சிக்கன் சலாமி பெரும்பாலும் அரைத்து வேகவைத்த கறி, ஈரம் அதிகம். மெல்லியதாக நறுக்கி வறுத்தால் ஓரம் சிவக்கும், அவ்வளவுதான்.

எல்லிஸ் நகர்: மகள் இத்தாலியில் தூரினில் படிக்கிறாள். கடையில் நாலைந்து வகை பன்றிக்கறி இருக்கிறதாம், எதை வாங்குவது என்று கேட்கிறாள்.

கொடுத்து வைத்த பிள்ளை. குவான்சாலே என்பது பன்றியின் கன்னக்கறி. கொழுப்பும் வாசமும் அதில்தான் அதிகம். முட்டையும் சீஸும் சேர்த்துச் செய்யும் ரோம் நகரத்துக் கார்பொனாராவுக்கும், அமத்ரிச்சே என்ற ஊரின் பெயரில் வழங்கும் தக்காளிப் பாஸ்தாவுக்கும் அதுதான் முறையானது. பான்சேட்டா வயிற்றுக்கறி, பேக்கன் மாதிரிதான், ஆனால் பெரும்பாலும் புகை போடாதது. முதல்முறை சமைப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், தவறு செய்தாலும் தாங்கும். ஸ்பெக் வடக்கே மலைப்பகுதியில் லேசாகப் புகை போட்டுச் செய்வது. புரோஷூட்டோ பின்னங்கால் தொடையை உப்பிட்டு மாதக்கணக்கில் உலரவைத்தது. காகிதம் போலச் சீவியிருப்பதால் இரண்டு நிமிடத்தில் மொறுமொறுத்துவிடும். கண்ணை எடுத்தால் கருகிவிடும். நல்ல புரோஷூட்டோ என்றால் வறுக்காமலேயே சாப்பிடச் சொல்லுங்கள், வறுத்தால் அதன் அருமை போய்விடும்.

பை-பாஸ் ரோடு: கார்பொனாரா செய்தால் எனக்கு முட்டைப் பொடிமாஸ் ஆகிவிடுகிறது, அக்கா.

அடுப்பு எரியும்போது முட்டையை ஊற்றுகிறீர்கள், தம்பி. மஞ்சள் கரு 65 டிகிரி வாக்கில் கெட்டியாகத் தொடங்கும், 70ஐத் தாண்டினால் கட்டிவிடும். கடாயின் அடி அதைவிட எவ்வளவோ சூடு. நான்கு பேருக்கு நான்கு மஞ்சள் கரு, ஒரு முழு முட்டை, துருவிய சீஸ் ஒரு கைப்பிடிக்கு மேல், நிறைய மிளகு. இதைக் கிண்ணத்தில் கலந்து, சூடான கஞ்சித் தண்ணீரை ஒரு கரண்டி சிறிது சிறிதாக விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். பாஸ்தாவைக் கறியோடு புரட்டி, கடாயை இறக்கிக் கீழே வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு முட்டையை ஊற்றி விடாமல் கிளறுங்கள். அந்தச் சூடே போதும். கிரீம் ஊற்ற வேண்டாம், ரோம்காரர்கள் ஊற்றுவதில்லை, தேவையும் இல்லை. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் அவர்களுக்கு மட்டும் முட்டையில்லாமல் எடுத்து வையுங்கள். இதில் முட்டை முழுதாக வேகாது.

மேலூர்: இப்போது கடையில் விற்கும் உப்புக்கண்டம் சரியில்லை. வீட்டில் போடுவது எப்படி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் அப்பத்தா ஊரில் கிடா வெட்டு முடிந்து பந்தி போக மிச்சம் இருக்கும் கறியை அப்படியே கண்டம் போட்டுவிடுவார். பிரிட்ஜ் இல்லாத காலம். மொட்டை மாடியில் கொடி கட்டி, கறி மாலை தொங்கும். காக்கை வராமல் குச்சியோடு உட்கார்ந்திருப்பது என் வேலை. அந்த வெயிலும் மஞ்சள் வாடையும் இப்போதும் நினைவில் இருக்கிறது.

தொடைக்கறி ஒரு கிலோ, எலும்பு இல்லாமல். கொழுப்பை ஒட்டக் கழித்துவிடுங்கள். கொழுப்பு இருந்தால் சீக்கிரம் காறல் வாடை வரும். விரல் கனத்துக்கு நீள நீளமாக வெட்டுங்கள். கழுவினால் தண்ணீர் முழுதும் வடிய வேண்டும். கல் உப்பு 50 முதல் 60 கிராம், மஞ்சள்தூள் ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி. இது எங்கள் வீட்டு அளவு. பிசறி, ஒரு இரவு பிரிட்ஜில் வைத்து, மறுநாள் கோணி ஊசியில் நூல் கோத்து, ஒன்றை ஒன்று தொடாமல் வெயிலில் தொங்கவிடுங்கள். மேலே கொசுவலைத் துணி கட்டாயம். ஈ மொய்த்தால் எல்லாம் வீண். சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், பனி படக்கூடாது. நல்ல வெயிலில் நாலைந்து நாள். வளைத்தால் வளையாமல் சுள்ளி மாதிரி உடைய வேண்டும். ஒரு கிலோ கறி 350 கிராம் அளவுக்குச் சுருங்கும்.

பங்குனி, சித்திரைதான் இதற்குக் காலம். ஐப்பசியில் தொடங்காதீர்கள். கடையில் வாங்கினால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். போன வருடம் ஒரு கடையில் அவசரத்தில் பார்க்காமல் வாங்கி, வீட்டில் உடைத்தால் நடுவில் ஈரம். அரைக் கிலோவையும் குப்பையில்தான் போட்டேன்.

உசிலம்பட்டி: மழைக்காலத்தில் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. துடைத்துவிட்டு வறுக்கலாமா?

உப்புப் பூத்ததென்றால் தொட்டால் நறநறவென்று இருக்கும், தண்ணீரில் கரையும். அது பரவாயில்லை. பஞ்சு மாதிரியோ, பச்சை நிறமாகவோ, முக்கல் வாடையோ இருந்தால் பூஞ்சை. துடைத்துச் சாப்பிடாதீர்கள், போட்டுவிடுங்கள். இனிமேல் காற்றுப் புகாத டப்பாவில் பிரீசரில் வையுங்கள்.

வில்லாபுரம்: சீஸ் இல்லாமல் முடியாதா? பார்மசான் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

தாராளமாக முடியும். தெற்கு இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் காய்ந்த ரொட்டித்தூளை எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள், இன்றும் அந்தப் பழக்கம் இருக்கிறது. இனிப்பில்லாத ரொட்டியை வெயிலில் காயவைத்துப் பொடித்து, கறி வறுத்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து அதில் சிவக்க வறுத்துத் தூவுங்கள். பேக்கரி ரஸ்க் வேண்டாம், தித்திக்கும். சதுரமாக வரும் பிராசஸ்டு சீஸையும் நான் போடமாட்டேன். பூண்டு வாசத்தை அமுக்கிவிடும். கொடைக்கானல் போனால் அங்கே செய்யும் முற்றிய சீஸ் கிடைத்தால் வாங்கி வாருங்கள். அப்படியே மலைப்பூண்டும் வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. எண்ணெயில் விழுந்ததும் அதன் காரமும் வாசமும் தனியாகத் தெரியும்.

சோழவந்தான்: நாங்கள் சைவம். எங்களுக்கு இதில் ஒன்றும் இல்லையா?

உங்கள் பரணிலேயே இருக்கிறது, மதினி. மோர்மிளகாயும் சுண்டைக்காய் வத்தலும். உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரிப்பதுதானே இங்கே வேலை? ஒரு ஆளுக்கு இரண்டு மோர்மிளகாயைக் கருகப் பொரித்து, நொறுக்கி, கடைசியில் தூவுங்கள். அதே பூண்டு எண்ணெய், அதே கஞ்சித் தண்ணீர். வரமிளகாயை மட்டும் விட்டுவிடுங்கள். என் பக்கத்து வீட்டில் இப்படித்தான் செய்கிறார்கள், நானே இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தல்லாகுளம்: வீட்டுக்காரருக்கு பிரஷர் இருக்கிறது. கொடுக்கலாமா?

ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக்கண்டமும் பேக்கனும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. உப்பிட்டு உலர்த்தியதும் அதில் அடக்கம், நம் வீட்டில் போட்டது என்பதால் விலக்கு இல்லை. எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறைதான். அவருக்குக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். கொடுக்கலாம் என்றால், கண்டத்தை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து, ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் தூவி, பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பே போடாதீர்கள்.

ஒத்தக்கடை: மிச்சமானால் காலையில் என்ன செய்வது?

பாஸ்தாவையும் உப்புக்கண்டத்தையும் தனித்தனியாகப் பிரிட்ஜில் வைத்திருங்கள். காலையில் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, ஸ்பகெட்டியை வட்டமாகப் பரப்பி, அடித்த முட்டை இரண்டை மேலே ஊற்றி, அடி சிவந்ததும் திருப்பிப் போடுங்கள். வெந்ததும் உப்புக்கண்டத்தைத் தூவி, சூடாக இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.