மலேசியாவின் பினாங்கு மாநில அரசு பணம் தருகிறதே, தமிழ்ப்பள்ளிப் பாடத்தையும் அதுதான் முடிவு செய்கிறதா?

இல்லை. மாநில அரசு ஆண்டுதோறும் மானியம் தருவது உண்மைதான். ஆனால் மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி கூட்டரசின், அதாவது மத்திய அரசின், பொறுப்பு. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், சம்பளம் எல்லாம் மத்திய அரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா கையில். பட்டர்வொர்த் ஆனாலும் கோலாலம்பூர் ஆனாலும் பாடத்திட்டம் ஒன்றுதான்.

சிக்கல் கட்டடத்தில்தான் வரும். பல தமிழ்ப்பள்ளிகள் ரப்பர் தோட்டக் காலத்தில் தனியார் நிலத்தில் எழுந்தவை. நிலம் அரசுடையது இல்லையென்றால் அநேகமாக அது பகுதி உதவி பெறும் பள்ளி. சம்பளத்தை அப்போதும் கல்வியமைச்சு கொடுத்துவிடும்; கூரை ஒழுகினால் பள்ளி மேலாளர் வாரியம்தான் கையைப் பிசையும். மாநில மானியம் கைகொடுப்பது அங்கேதான். அப்புறம், நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், ரொக்கத்தைவிட ஒரு துண்டு நிலமே பெரிய உதவி. ஆனால் அந்த நிலத்தில் பள்ளி கட்டி நடத்தவும் கல்வியமைச்சின் அனுமதி வேண்டும்.