பறவைக்கூடு பெரணியின் குருத்து ஏன் கறுக்கிறது?

தவறாமல் நீர் ஊற்றியும் பறவைக்கூடு பெரணியின் குருத்து கறுக்கிறது, இலையின் அடியில் பழுப்புக் கோடுகள் வேறு தெரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் நீரை ஊற்றும் இடம்தான் காரணம். இது காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் செடி. நடுக்குழியில் விழும் சருகுகள் மட்கி அதற்கே உரமாகும். காற்றோட்டத்தில் ஈரமும் தேங்குவதில்லை. காற்று அசையாத வீட்டு மூலையில் அதே குழியில் நீர் நின்றால் குருத்து அழுகும். ஆகவே தொட்டிக் கலவையின் மேற்பகுதி காய்ந்த பிறகு, தொட்டியின் ஓரமாக மட்டும் ஊற்றுங்கள். வெறும் தோட்டமண்ணில் வேர் மூச்சுத் திணறும். தேங்காய் நார்க்கழிவும் இலைமட்கும் கொஞ்சம் கரித்துண்டும் கலந்தால் போதும். உச்சிவெயில் நேராகப் படக்கூடாது.

அந்தக் கோடுகளைத் தயவுசெய்து சுரண்டாதீர்கள்! நடுநரம்பிலிருந்து சாய்வாக, சீப்புப் பற்களைப் போல ஒரே சீராக ஓடினால் அவை வித்துத்தூள் வரிசைகள், அதாவது பெரணி இனம்பெருக்கும் நுண்தூள். முதிர்ந்த, நலமான இலையின் அடையாளம். ஒழுங்கில்லாமல் ஒட்டியிருக்கும் புடைப்புகள், நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவந்தால், அவை சாறு உறிஞ்சும் செதிற்பூச்சிகள்; ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சுருண்டிருக்கும் இளங்குருத்தைத் தொடவே வேண்டாம். விரல் அழுத்தத்துக்கே அது கன்றிப்போகும். கறுத்தது ஓரிரு குருத்து மட்டுமென்றால் செடி தப்பிவிடும். நடுப்பகுதி முழுவதும் குழைந்திருந்தால் புதிய இலை வருவது அரிது.