பதில்: கரண்ட் போனால் அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் நிற்கிறது

திருநகர் பக்கம் முதியோர் இல்லத்தில் அம்மா இருப்பதாகவும், கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஆக்சிஜன் மெஷின் அரை மணி நேரம்கூட ஓடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த லைனில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஐந்து லிட்டர் மெஷின் 350 வாட் வரை இழுக்கும். நல்ல 150 ஏஎச் பேட்டரி அதை மட்டும் சுமந்தால் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். எங்கள் அப்பா இருந்த இல்லத்தில் வராந்தா ஃபேன் நாலும் அதில்தான்! பேட்டரி மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றித் தகடு தெரிந்தது.

சரி, எப்படியும் கட்டிலருகே ரெகுலேட்டருடன் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கட்டும், மாற்றத் தெரிந்தவர் இராத்திரியும் இருக்கட்டும். அந்த அறையில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது, டார்ச்தான். அப்புறம், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணையும் இல்லத்தின் மின் இணைப்பு எண்ணையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். இருட்டில் யார் பில்லைத் தேடுவது?