விண்வெளியில் கதிர்வீச்சுக் கருவிகள்: வாசகர் கேள்விகள்

கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் நல்ல கைகர் கவுண்டர் ஒன்றை விண்கலத்தில் வைத்தால் போதாதா?

போதாது. 1958 ஜனவரியில் ஏவிய அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர் 1-இல் இருந்தது கைகர் கவுண்டர்தான். உயரே போனதும் சில இடங்களில் அது சுழியம் காட்டியது. உண்மையில் அங்கே துகள்கள் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு துகளை எண்ணிய பிறகு குழாய் மீள நூறு மைக்ரோநொடி அளவுக்கு நேரம் வேண்டும். அதற்குள் அடுத்தடுத்துத் துகள்கள் வந்து விழுந்தால் துடிப்புகள் சுருங்கி, கணக்கில் ஏறாமலே போய்விடும். இதைப் புரிந்துகொண்டதில்தான், பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் நிறைந்த வான் ஆலன் பட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன. கருவி திடீரென்று அமைதியானால் நான் முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான்.

எக்ஸ்ரே பிரிவில் அணியும் டிஎல்டி பேட்ஜ் விண்வெளி வீரருக்கும் சரிவருமா?

பாதி சரிவரும். டிஎல்டி என்பது பட்ட கதிர்வீச்சைச் சேமித்துவைத்து, பிறகு சூடாக்கும்போது அதன் அளவை ஒளியாகக் காட்டும் பொருள். இரும்பு போன்ற கன அயனிகள் (மின்னூட்டம் பெற்ற கனமான அணுக்கள்) பாயும்போது டிஎல்டி உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் துண்டையும் சேர்த்து அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் சூடான காரக் கரைசலில் போட்டால் கன அயனிகள் போன தடம் குழிகளாகத் தெரியும்.

அளக்கும் கருவியே கெட்டுப்போகாதா?

கெடும். புரோட்டான்கள் கருவியிலுள்ள சிலிக்கானின் அணுக்களை இடம்பெயர்த்துவிடுகின்றன. கசிவு மின்னோட்டம் கூடி, இரைச்சலும் ஏறுகிறது. குளிர்வித்தால் ஓரளவு அடங்கும். ஜெர்மானியப் படிகக் கருவிகளுக்கு வைத்தியம் தலைகீழ். காமா கதிர்களை ஆராய்ந்த இன்டெக்ரல் விண்கலத்தில் கடுங்குளிரில் வேலை செய்த படிகங்களை அவ்வப்போது சுமார் 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, சேதத்தை ஆற்றினார்கள். எனக்கு எப்போதும் வியப்பு தருவது சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் கதை. 1999-இல் ஏவிய கொஞ்ச நாளிலேயே, எக்ஸ் கதிர்களைக் குவிக்க வைத்த கண்ணாடிகள் வான் ஆலன் பட்டைகளில் இருந்த குறைந்த ஆற்றல் புரோட்டான்களையும் கேமராவில் படம் பதியும் சிசிடி சில்லுகள் மீது திருப்பிவிட்டன. முன்பக்கம் ஒளி வாங்கும் சில்லுகள் அடிவாங்கின. அப்புறம் பட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் கேமராவைக் குவியத்திலிருந்து நகர்த்திவைக்கத் தொடங்கினார்கள்.

தென் அட்லாண்டிக் மேல் போகும்போது சில கருவிகளை ஏன் அணைக்கிறார்கள்?

அங்கே வான் ஆலன் பட்டைகளில் உள்பட்டை பூமிக்கு நெருங்கி இறங்குகிறது. உயர் மின்னழுத்தத்தைக் குறைக்காவிட்டால் மங்கிய ஒளியையும் மின்துடிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்கள் பாழாகும். தாண்டிய பிறகும் நிம்மதியில்லை: கதிர் பட்டால் ஒளிரும் அயோடைடு படிகங்கள் புரோட்டான் அடிபட்டுத் தாமே கதிரியக்கம் பெற்றுச் சிறிது நேரம் பொய்க் கணக்குக் காட்டும்.

இப்போது எதை நம்பலாம்?

ஒன்றை மட்டும் என்றால், துகள்களின் தடத்தைப் படமாகப் பதியும் டைம்பிக்ஸ் சில்லு. 2012 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. 256×256 பிக்சல்களில் விழும் தடத்தின் வடிவத்தை வைத்தே எலக்ட்ரானா கன அயனியா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.